கொல்லிமலைக்கு 56 நாள் பஸ் இல்லை: கொரோனா காலத்தில் அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ன செய்தது? எதைத் தவறவிட்டது?

2021 மே 8, சனிக்கிழமை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் டிக்கெட் எடுக்காமல் போகலாம் என்ற உத்தரவு தமிழ்நாடு முழுக்க அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. முந்தின நாள் முதல்வராகப் பொறுப்பேற்ற மு.க.ஸ்டாலின் போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று அது. ஆனால் இரண்டே நாள்தான். மே 10, திங்கட்கிழமை முழு ஊரடங்கு தொடங்கியது. டிக்கெட் இலவசமானது, பஸ் டிப்போவுக்குள் போய் நின்றுவிட்டது.

சென்னையில் பஸ் ஜூன் 21-ல் திரும்ப ஓடத் தொடங்கியது. நாமக்கல் மாவட்டத்துக்கு ஜூலை 5 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கொல்லிமலை அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே வாழும் சுமார் 40,000 பேருக்கு 56 நாள் அரசு பஸ்ஸும் கிடையாது, தனியார் பஸ்ஸும் கிடையாது.

கொரோனா ஊரடங்கு முதன்முதலில் வந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பஸ்ஸை எப்போது நிறுத்தினார்கள், எப்படித் திரும்ப ஓட்டினார்கள், அந்த விதிமுறைகள் ஒரு மலைப்பாதையில் என்ன ஆயின என்று இப்போது நிதானமாகத் திரும்பிப் பார்க்கலாம். ஏன் பார்க்க வேண்டும் என்றால், அடுத்த பெருந்தொற்றோ பெருமழையோ வந்தாலும் அதிகாரிகள் கையில் எடுக்கப்போவது அநேகமாக இதே கணக்குதான்.

கொல்லிமலையில் பஸ் என்பது என்ன?

கொல்லிமலை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஆகாய கங்கை அருவியும் அறப்பளீஸ்வரர் கோயிலும் நினைவுக்கு வரும். அங்கேயே இருப்பவர்களுக்கு அது 14 ஊராட்சிகள் கொண்ட ஒரு ஒன்றியம். வளவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என்று ஊராட்சிகளின் பெயர்களே 'நாடு' என்றுதான் முடியும். மக்களில் பெரும்பாலானோர் மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடியினர். (கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர்.)

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக காரவள்ளி அடிவாரம் வந்து, அங்கிருந்து வளைவு வளைவாக ஏறினால் சோளக்காடு, செம்மேடு. சுமார் 55 கிலோமீட்டர்தான். ஆனால் பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ராசிபுரம் பக்கம் முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு பாதை உண்டு. இந்தப் பகுதியில் அரசு பஸ்களை இயக்குவது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சேலம் கோட்டம். அண்ணா போக்குவரத்துக் கழகம் என்று சொன்னால் அந்தக் காலத்து ஆட்களுக்கு உடனே புரியும்.

செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் அதற்கு மேல் பெரிய சிகிச்சை என்றால் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். தாலுகா ஆபீஸில் முடியாத வேலைக்கு நாமக்கல் கலெக்டர் ஆபீஸ். கல்லூரிக்கும் கீழேதான். வெளியூர் எஸ்டேட்டுக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் மூட்டை முடிச்சோடு ஏறுவதும் இதே பஸ்தான். மிளகு, காபி, அன்னாசி, பலா என்று விளைவதில் சிறு விவசாயி தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்கும் பங்கு பஸ்ஸில்தான் போகும். நகரத்தில் பஸ் வராவிட்டால் ஷேர் ஆட்டோ இருக்கிறது, இல்லையென்றால் நடக்கலாம். இங்கே நடப்பதென்றால் எழுபது வளைவு இறங்க வேண்டும்.

2020-ல் நிறுத்து, ஓட்டு, மறுபடி நிறுத்து

2020 மார்ச் 22 ஞாயிறு, மக்கள் ஊரடங்கு. மார்ச் 24 மாலை 6 மணிக்கு தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு. அன்று நள்ளிரவு தாண்டியதும் நாடு முழுவதற்குமான ஊரடங்கு. அதோடு நின்ற பஸ் ஜூன் 1-ம் தேதிதான் கிளம்பியது. நடுவில் 68 நாள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பஸ்ஸை நிறுத்து, ஓட்டு என்று முடிவெடுத்தது போக்குவரத்துக் கழகம் இல்லை. 2005-ம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் அரசு உத்தரவு போடும். கழகத்தின் வேலை அதை நிறைவேற்றுவது. எந்த ரூட்டில் எத்தனை வண்டி, எந்த நேரம் என்பதில்தான் அதன் கைக்கு இடம் இருந்தது. அந்த இடம் சின்னதுதான் என்றாலும், மலைக்கு அதுதான் எல்லாமே. இதைப் பின்னால் பார்ப்போம்.

ஜூன் 1-ல் மாநிலத்தை எட்டு மண்டலமாகப் பிரித்தார்கள். கோவை, நீலகிரி, ஈரோடு, திருப்பூர், கரூர், சேலம், நாமக்கல் சேர்ந்து முதல் மண்டலம். மண்டலத்துக்குள் இ-பாஸ் இல்லாமல் போகலாம், தாண்டினால் இ-பாஸ் வேண்டும். சென்னையும் அதைச் சுற்றியுள்ள மூன்று மாவட்டங்களும் இருந்த 7, 8-ம் மண்டலங்களில் பஸ்ஸே இல்லை. கொல்லிமலைக்கு இந்தப் பிரிப்பு நன்றாகவே பொருந்தியது என்று சொல்லலாம். நாமக்கல், ராசிபுரம், சேலம் மூன்றும் ஒரே மண்டலம். மலையின் கிழக்குச் சரிவை ஒட்டிய திருச்சி மாவட்டம் மட்டும் வேறு மண்டலத்துக்குப் போய்விட்டது.

அதுவும் நீடிக்கவில்லை. ஜூன் 25 முதல் மாவட்டத்துக்குள் மட்டும் என்று சுருக்கினார்கள். ஜூலை 1-ல் மாநிலம் முழுக்க பஸ் மறுபடி நின்றது. முதலில் 15 நாள் என்றார்கள், பிறகு ஜூலை 31 வரை என்றார்கள், பிறகு ஆகஸ்ட் 31. அப்படியே 62 நாள் ஓடிவிட்டது. செப்டம்பர் 1-ல் மாவட்டத்துக்குள் மட்டும் பஸ். செப்டம்பர் 7-ல்தான் மாவட்டம் விட்டு மாவட்டம். அந்த ஆறு நாளில் நாமக்கல் வரை பஸ்ஸில் போகலாம், அதே கழகத்தின் தலைமை அலுவலகம் இருக்கும் சேலத்துக்குப் போக முடியாது.

2020-ல் 130 நாள், 2021-ல் 56 நாள். மொத்தம் 186 நாள். நியாயமாகச் சொன்னால், மொத்தக் கணக்கில் சென்னை இன்னும் அதிக நாள் பஸ் இல்லாமல் இருந்தது. ஆனால் மருத்துவமனை ஊழியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் சிறப்புப் பேருந்துகள் அங்கே ஓடின. பெரிய ஆஸ்பத்திரியும் மார்க்கெட்டும் ஊருக்குள்ளேயே இருந்தன. பஸ் இல்லாத நாளின் எண்ணிக்கையும் அந்த நாளின் சுமையும் ஒன்றல்ல.

'50% பஸ், 60% ஆள்' என்றால் கையில் கிடைத்தது எவ்வளவு?

2020 ஜூனில் வந்த விதி இதுதான்: மொத்த பஸ்களில் பாதியை மட்டும் ஓட்ட வேண்டும், ஒவ்வொன்றிலும் 60 சதவீதம் பேரை மட்டும் ஏற்ற வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் மோசமாகத் தெரியாது. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். பாதியில் 60 சதவீதம் என்றால் 30 சதவீதம். நின்றுகொண்டு போவதும் கிடையாது.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். 52 சீட் உள்ள பஸ் ஒரு ரூட்டில் நாளுக்கு நாலு தடவை மேலே போய் வருகிறது. உட்கார மட்டும் 208 இடம். விதிப்படி அது இரண்டு தடவை ஆகிறது, தடவைக்கு 31 பேர். மொத்தம் 62.

நகரத்திலும் இதே 30 சதவீதம்தானே என்று கேட்கலாம். சரிதான், ஆனால் விளைவு வேறு. நகரத்தில் 10 நிமிஷத்துக்கு ஒரு பஸ் வந்த இடத்தில் 20 நிமிஷத்துக்கு ஒன்று வரும். எரிச்சல்தான், ஆனால் போய்ச் சேர்ந்துவிடலாம். மலையில் நாலு தடவை இரண்டானால், காலையில் ஆஸ்பத்திரிக்கு இறங்கினவர் சாயங்காலம் வீடு திரும்ப முடியுமா என்பதே கேள்வியாகிவிடுகிறது. 32-வது ஆளாக நிற்பவருக்கு அடுத்த பஸ் 20 நிமிஷத்தில் இல்லை, மறுநாள். புறப்படும் இடத்திலேயே சீட் நிரம்பிவிட்டால் வழியில் இருக்கும் ஊர்க்காரர்கள் கை காட்டி என்ன பிரயோஜனம்?

சீட்டுக்கு சதவீதம் வைப்பது நோயைத் தடுக்கும் நோக்கத்தில் சரியே. பஸ் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாதியாக்கியதுதான் புரியாத விஷயம். கூட்டம் குறைய வேண்டுமென்றால் வண்டி கூட வேண்டும், குறையக் கூடாது. மலைப்பாதைகளுக்கு மட்டுமாவது ‘ஆள் 60 சதவீதம், பஸ் 100 சதவீதம்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

கண்டக்டர் விரலும் ஜன்னலும்

பின்படியில் ஏறி முன்படியில் இறங்க வேண்டும். மாஸ்க் கட்டாயம். ஏறும்போது சானிடைசர். உட்காரக் கூடாத சீட்டில் குறி. ஒவ்வொரு தடவை முடிந்ததும் கிருமிநாசினி. 2020-ல் வந்த வழிமுறைகளின் சாரம் இவ்வளவுதான்.

நம் ஊர் பஸ்ஸில் நடுவில் ஒரு ஆள் இருக்கிறார், கண்டக்டர். கூட்டத்துக்குள் புகுந்து ஒவ்வொருவர் கையிலும் காசு வாங்கி சில்லறை கொடுத்து, விரலை நாக்கில் தொட்டு டிக்கெட் கிழித்த பழக்கம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். பஸ்ஸில் நோய்க்கு மிக அருகில் இருந்தவர் அவர்தான். லண்டனில் பஸ் டிரைவர்கள் அடுத்தடுத்து இறந்த பிறகு, 2020 ஏப்ரலில் முன்கதவை மூடி நடுக்கதவு வழியாக மட்டும் ஏற்றினார்கள். டிரைவர் பக்கமே போக வேண்டாம் என்று கார்டு தட்டுவதைக்கூடக் கொஞ்ச காலம் கைவிட்டார்கள். கண்டக்டர் இருக்கும் ஊரில் அப்படி ஒரு கதவை மூடித் தப்பிக்க முடியாது. டிக்கெட்டை ஏறும் இடத்திலேயே, பஸ் கிளம்பும் முன் கொடுத்து முடிப்பது மலை ரூட்டில் சாத்தியமான வழி. ஏறுமிடங்கள் குறைவு, பாதி தூரம் காடு.

இன்னொன்று காற்று. கொரோனா காற்று வழியாகவும் பரவும் என்பதை உலக சுகாதார நிறுவனம் தன் விளக்கக் குறிப்பில் வெளிப்படையாகச் சேர்த்தது 2021 ஏப்ரல் இறுதியில்தான். அதற்கு முன் ஓராண்டு கம்பியைத் துடைப்பதிலேயே நம் கவனம் போய்விட்டது. நம் சாதாரண பஸ்ஸின் பெரிய பலமே திறந்த ஜன்னல். மலையில் மட்டும் அதிலும் சிக்கல். சாரலும் குளிரும் அடிக்கும்போது ஷட்டரை இறக்கிவிடுவார்கள். இரண்டு மணி நேரம் மூடின வண்டி. போதாக்குறைக்கு வளைவில் குமட்டல். எழுபது வளைவில் மாஸ்க்கை இறக்காமல் வருவது எவ்வளவு கஷ்டம் என்று அந்தப் பாதையில் ஒரு தடவை போனவர்களுக்குத் தெரியும்.

2021-ல் நாமக்கல் ஏன் கடைசி வரிசையில்?

இரண்டாம் அலையில் மண்டலத்துக்குப் பதிலாக மாவட்டங்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். தொற்று அதிகம் இருந்த 11 மாவட்டங்கள் முதல் வகை: கோவை, நீலகிரி, திருப்பூர், ஈரோடு, சேலம், கரூர், நாமக்கல், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை. சென்னை உள்ளிட்ட நாலு மாவட்டங்களுக்கு ஜூன் 21-ல் 50 சதவீத இருக்கைகளோடு பஸ் வந்தது. மேலும் 23 மாவட்டங்களுக்கு ஜூன் 28. இந்த 11-க்கு ஜூலை 5.

காரணம் இல்லாமல் இல்லை. மே கடைசி வாரத்தில் கோவை தினசரி தொற்றில் சென்னையையே தாண்டியிருந்தது. மேற்கு மாவட்டங்கள் முழுக்கத் தொற்று பரவிக்கொண்டிருந்த நேரம். அப்போது மலைக்கு பஸ் விட்டால் பஸ்ஸோடு நோயும் ஏறும் என்ற பயம் நியாயமானதே. மேலே படுக்கை வசதி எவ்வளவு இருந்துவிடப் போகிறது?

ஆனால் அளவுகோல் மாவட்டம் என்றானதும் ஒரு விஷயம் நடக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி நாமக்கல் மாவட்ட மக்கள்தொகை 17 லட்சத்து 26 ஆயிரம். அதில் கொல்லிமலை ஏறக்குறைய 2 சதவீதம் கொஞ்சம் மேலே. கீழே சமவெளியில் என்ன எண் வருகிறதோ அதுதான் மேலே இருப்பவர்களின் பஸ்ஸையும் தீர்மானிக்கும். மலையில் தொற்று கூடினாலும் குறைந்தாலும் மாவட்டப் புள்ளிவிவரத்தில் அது தெரியவே தெரியாது.

அந்த எட்டு வாரமும் பலா சீசன். சரக்கு வண்டிகளுக்குத் தடை இல்லைதான். பத்து பழம் வைத்திருப்பவர் அதற்காக டெம்போ பிடிக்க முடியுமா? அவசரம் என்றால் 108 வரும். சுகர் மாத்திரை வாங்க, கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்க, டயாலிசிஸுக்குப் போக 108-ஐக் கூப்பிட முடியாது. அவசரமும் இல்லாத, தள்ளிப்போடவும் முடியாத இந்த மாதிரிப் பயணங்கள்தான் சிக்கலாயின. பைக் வைத்திருப்பவர்கள் சமாளித்தார்கள். இல்லாதவர்கள் வாடகை வண்டிக்குக் கடன் வாங்க வேண்டும், அல்லது வீட்டிலேயே இருக்க வேண்டும்.

மற்ற மாநிலங்கள் நின்ற பஸ்ஸை என்ன செய்தன?

கர்நாடகாவில் அரசுப் போக்குவரத்துக் கழகம் பழைய பஸ்ஸை நடமாடும் காய்ச்சல் கிளினிக்காக மாற்றியது. 2020 மே மாதத்திலேயே. நோயாளி ஆஸ்பத்திரியைத் தேடிப் போவதற்குப் பதிலாக ஆஸ்பத்திரி வந்தது. கொல்லிமலை மாதிரி இடத்துக்கு அளவெடுத்துத் தைத்த யோசனை இது.

மகாராஷ்டிராவும் தெலங்கானாவும் பஸ்களைச் சரக்கு வண்டியாக்கி வருமானம் பார்த்தன. கேரளாவில் ‘பஸ் ஆன் டிமாண்ட்’ வந்தது. தினமும் பைக்கில் ஆபீஸ் போன ஊழியர்களை, சீட்டை உறுதி செய்து, பாஸ் கொடுத்து பஸ்ஸுக்கு இழுத்தார்கள். மும்பையில் பெஸ்ட் பஸ்கள் அத்தியாவசியப் பணியாளர்களுக்காக ஊரடங்கு முழுக்க ஓடின. அதற்கு அந்த ஊழியர்கள் உயிரால் விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இங்கே தமிழ்நாட்டில் அரசு பஸ்கள் ஏறக்குறைய 20,000. நாட்டின் மிகப்பெரிய அரசு பஸ் அமைப்புகளில் ஒன்று. அதில் பத்து பஸ்ஸை மலைகளுக்கு கிளினிக்காகவோ, பலாவும் மிளகும் ஏற்றும் வண்டியாகவோ மாற்றியிருந்தால் கழகத்தின் கணக்கில் அது கண்ணுக்கே தெரிந்திருக்காது.

பணம் யார் கொடுப்பது?

60 சதவீத ஆளோடு ஓட்டினால் டீசலுக்கே கட்டாது என்று தனியார் பஸ் உரிமையாளர்கள் 2020 ஜூனில் தயங்கினார்கள். அரசு கழகத்துக்கு அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை, ஓட்டித்தான் ஆக வேண்டும். 2018 ஜனவரிக்குப் பிறகு கட்டணமும் உயர்த்தப்படவில்லை. பஸ் நின்றாலும் சம்பளம் நிற்காது, கடன் வட்டி நிற்காது. ஏறுகிற ரூட்டில் டீசல் அதிகம் குடிக்கும், பிரேக்கும் டயரும் சீக்கிரம் தேயும். அதனால்தான் மலைப்பாதைக்குச் சமவெளியைவிடக் கட்டணம் கூடுதல். அப்படியும் கட்டுப்படியாகாத ரூட்டை லாப நஷ்டக் கணக்குப் பார்த்தால் முதலில் வெட்டத்தான் தோன்றும்.

இதற்கு விடை ஏற்கெனவே நம்மிடம் இருந்தது என்பதுதான் வேடிக்கை. 2021 மே 7-ல் பெண்களின் இலவசப் பயணத்துக்கு ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் மானியம் என்று அரசு அறிவித்தது. டிக்கெட் வருமானம் இல்லாத பயணத்துக்கு அரசு பணம் கொடுக்கும் என்ற கொள்கை அன்றே வந்துவிட்டது. அதே கொள்கையை, ஊரடங்கில் ஆள் குறைவாக ஏறும் மலைத் தடத்துக்கும் நீட்டியிருக்கலாம்.

அந்தத் திட்டமே மலைக்கு வந்து சேரக் கொஞ்சம் காலம் பிடித்தது. ‘சாதாரணக் கட்டண நகரப் பேருந்து’ என்பது சமவெளிக்கான வகை. மலைக்குப் போகும் பஸ் பெரும்பாலும் அந்த வகையில் வராது. 2024-25 பட்ஜெட்டில்தான் விடியல் பயணத் திட்டத்தை மலைப்பகுதிகளுக்கு விரிவாக்கும் அறிவிப்பு வந்தது. அதில் பெயர் சொல்லப்பட்டவை நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை.

அடுத்த முறை எதைக் கேட்க வேண்டும்?

2022 ஜனவரியில் மூன்றாம் அலை வந்தபோது அரசு முழுசாக நிறுத்தவில்லை. இரவு ஊரடங்கு, ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு, மற்ற நாளில் குறைந்த ஆளோடு பஸ். ‘எல்லாம் நிறுத்து’ என்பதைத் தவிர வேறு வழிகளும் இருக்கின்றன என்று இரண்டு வருஷத்தில் கற்றுக்கொண்டது அங்கே தெரிகிறது.

மலைக்கு இன்னும் ஒரு படி கீழே இறங்கி யோசிக்க வேண்டும். சதவீதத்தை விட்டுவிட்டு, தடவையை எண்ண வேண்டும். கொல்லிமலைக்கு இரண்டு தடவை முக்கியம்: விடிகாலையில் மேலேயிருந்து இறங்கும் முதல் பஸ், சாயங்காலம் நாமக்கல்லில் இருந்து ஏறும் கடைசி பஸ். சேலம் கோட்டத்தின் கீழேயே ஏற்காடும் வருகிறது. ஒவ்வொரு மலைக்கும் இந்த இரண்டு தடவை எது என்று டிப்போவில் கேட்டால் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். எந்த ஊரடங்கிலும் இவை ஓடும், மாஸ்க்கோடு, குறைந்த ஆளோடு, மருத்துவச் சீட்டு வைத்திருப்பவருக்கு முன்னுரிமை கொடுத்து என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். மாவட்ட எண்ணைப் பார்க்காமல், மேலே செம்மேடு மருத்துவமனையின் எண்ணைப் பார்த்து கலெக்டர் முடிவெடுக்கும் அதிகாரமும் அதோடு வேண்டும்.

56 நாளுக்கு, நாளுக்கு இரண்டு தடவை. மொத்தம் 112 தடவை. 20,000 பஸ் வைத்திருக்கும் அமைப்பு எட்டு வாரத்தில் ஒரு மலைக்காக ஓட்ட வேண்டியிருந்தது அவ்வளவுதான்.